முள் பாதியில் நிற்குது... வண்டி நடுரோட்டில் நிற்குது! பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு...

ஆம்பூரிலிருந்து வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்குச் சுமார் 50 கிலோமீட்டர். விடியற்காலையில் உடம்பு சரியில்லாத அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறீர்கள். பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டுகிறது. ஆனால், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் வண்டி இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. பக்கத்தில் லாரிகள் பறக்கின்றன. டேங்க்கைப் பார்த்தால், சொட்டு பெட்ரோல் இல்லை!

பழைய கார் வைத்திருக்கும் பல குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல. மாருதி 800 காரின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. அம்பாசடரும் அதே ஆண்டுதான் விடைபெற்றது. ஆனாலும் தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டில் ஒருவராகவே மாறிவிட்ட பழைய கார்கள் உண்டு.

முள் எப்படி வேலை செய்கிறது?

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கும். மெக்கானிக்குகள் 'ஃப்ளோட்' என்பார்கள். பெட்ரோல் குறையக் குறைய அதுவும் கீழே இறங்கும். அதோடு இணைந்த கை, ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகரும். அதனால் மாறும் மின்சாரத்தின் அளவைத்தான் டேஷ்போர்டில் உள்ள முள் காட்டுகிறது. இதில் எங்கு கோளாறு வந்தாலும் முள் பொய் சொல்லும்.

அறிகுறியை வைத்தே கண்டுபிடிக்கலாம்

* டேங்க் நிரப்பியும் முள் எழவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள். வெப்பநிலை முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால் பிரச்னை பெரும்பாலும் ஃபியூஸிலோ, டேஷ்போர்டுக்கு வரும் மின் இணைப்பிலோ இருக்கும். பெட்ரோல் முள் மட்டும் படுத்திருந்தால், ஃப்ளோட்டில் ஓட்டை விழுந்து மூழ்கியிருக்கலாம்.
* ஒரே இடத்தில் நிற்கிறதா? ஃப்ளோட்டின் கை சிக்கியிருக்கலாம்.
* முள் ஆடுகிறதா? மின்தடைப் பட்டை தேய்ந்திருக்கலாம் அல்லது எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கலாம். டேங்க் யூனிட்டை மாற்றுவதற்கு முன் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து பார்ப்பது செலவில்லாத வழி.

டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றி, நொடிப்பொழுது எர்த்தில் தொட்டுப் பார்ப்பது மெக்கானிக்குகளின் சோதனை. அப்போது முள் முழுதாக நகர்ந்தால் டேஷ்போர்டு மீட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. கோளாறு டேங்க் பக்கம். தீப்பொறி வரலாம் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

டேங்க்கிலேயே கோளாறா?

வண்டி கொஞ்ச தூரம் ஓடி நிற்கிறது. மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறது. பிறகு ஸ்டார்ட் ஆகிறது. இப்படி இருந்தால் காற்றுத் துவாரம் அடைத்திருக்கலாம். ஃபில்டர் அடிக்கடி அடைத்தால் டேங்க்கின் உள்ளே துரு இருக்கலாம்.

இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய கார்களின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் சீக்கிரம் தேயவும் வாய்ப்பு உண்டு. சர்வீஸின்போது இவற்றைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

காருக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒழுகும் டேங்க்கை அப்படியே வெல்டிங் வைக்க விடவே கூடாது. பெட்ரோலை வடித்துவிட்டாலும் உள்ளே தங்கும் ஆவி வெடிக்கும்.

சரிசெய்யும் வரை...

முள்ளை நம்பாமல் கிலோமீட்டரை நம்புங்கள். டேங்க்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 200 கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். 28 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 420 கிலோமீட்டர். ஆனால், 300-லேயே பங்க்குக்குப் போய்விடுங்கள். டேங்க்குக்குள் மின்சார பம்ப் உள்ள கார்களில் பெட்ரோல்தான் பம்ப்பைக் குளிர்விக்கிறது. அடிக்கடி வறண்டு ஓடினால் பம்ப்புக்கும் கேடு.

அப்படியும் நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, நான்கு இண்டிகேட்டர்களையும் போடுங்கள். குடும்பத்தினரைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்கவைத்து, 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணை அழையுங்கள்.

அவசரத்துக்குத்தானே வீட்டில் கார்? அந்த நேரத்தில் அது கைவிடாமல் இருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை முள்ளைச் சோதித்துவிடுங்கள்!