ரெஸ்யூமின் கடைசி வரியில் தூங்கும் மொழி: ஆம்பூர் பெல்ட் பசங்களுக்கு ஒரு கணக்கு

மாதனூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துப் பசங்களோட ரெஸ்யூமைப் பார்த்தால், கடைசியில் டிக்ளரேஷனுக்கு மேலே ஒரு வரி இருக்கும். "லாங்குவேஜஸ் நோன்: தமிழ், ஆங்கிலம், உருது, இந்தி, தெலுங்கு." அஞ்சு மொழி! சென்னையிலேயே வளர்ந்த பல பேருக்கு ரெண்டு தேறினாலே பெரிசு. ஆனா அந்த அஞ்சும் சேர்ந்து மாசச் சம்பளத்தில் நூறு ரூபாய்கூட ஏற்றியிருக்காது.

காரணம் சிம்பிள். மொழி தெரியும் என்பதற்காக எந்தக் கம்பெனியும் சம்பளம் தருவதில்லை. அந்த மொழியில் நடக்கிற வேலைக்குத்தான் தருது.

ஒரே ஷூ கம்பெனியை எடுத்துக்குவோம். தையல் லைனில் சூப்பர்வைசரா இருந்து உருதுவில் பேசுறீங்க. அதுக்குத் தனி விலை இல்லை, ஏன்னா அந்த லைனில் பாதிப் பேர் உருது பேசுறாங்க. அதே உருதுவோடு பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட்டுக்குப் போங்க. கான்பூர் டேனரியில் இருந்து லெதர் வரணும், ஆக்ராவில் இருந்து சோல் வரணும். அங்கே ஆங்கில மெயிலுக்கு "ஓகே சார்"னு பதில் வரும், சரக்கு வராது. போன் போட்டு நாலு வார்த்தை அவங்க பாஷையில் பேசினால்தான் லோடு எப்போ கிளம்பும்னு உண்மை தெரியும். சரக்கு லேட்டானால் ஷிப்மென்ட் லேட். கப்பலைத் தவறவிட்டால் விமானத்தில் அனுப்பணும், பெரும்பாலும் அந்தச் செலவு எக்ஸ்போர்ட்டர் தலையில்தான் விழும். ஒரு போன் காலில் அதைத் தடுக்கிற ஆளுக்கு ஒரு விலை உண்டு.

அதனால் ரெஸ்யூமில் மொழியின் பெயரை மட்டும் எழுதாதீங்க, அதில் என்ன செய்வீங்கன்னு எழுதுங்க. "உருது, இந்தி: வட இந்திய சப்ளையர்களிடம் விலை, டெலிவரி பேசி முடிப்பேன். தேவநாகரி மெதுவாகப் படிப்பேன், எழுத வராது." கடைசிப் பகுதியை மறைக்க வேண்டாம். நம்ம ஊர் தக்னி உருது பேசுறவங்க இந்தியும் தெரியும்னு எழுதிடறாங்க. இன்டர்வியூவில் ஒரு இந்தி பில்லை நீட்டினால் எழுத்துக்கூட்டக்கூட வராது. பேச்சு ஏற்கெனவே கையில் இருக்கிறவங்களுக்கு தேவநாகரி எழுத்து சில வார வேலைதான், செலவும் கிட்டத்தட்ட இல்லை. புது மொழிக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க.

வேலை தேடும்போது டெசிக்னேஷனையும் அப்படியே பாருங்க. மெர்ச்சண்டைசர், பர்ச்சேஸ், ஷிப்பிங் டாக்குமென்டேஷன், பையரின் இன்ஸ்பெக்டரோடு நிற்கும் க்யூசி, இங்கெல்லாம்தான் மொழி காசாகும். வருஷா வருஷம் சென்னை நந்தம்பாக்கத்தில் இந்தியா இன்டர்நேஷனல் லெதர் ஃபேர் நடக்குது. எந்த நாட்டு ஆட்கள் யாரிடம் பேசுறாங்கன்னு ஒருநாள் சுற்றிப் பார்த்தாலே, பத்து ஜாப் சைட் சொல்லாததைச் சொல்லிடும்.

ஜெர்மனா, ஜப்பானீஸா, மாண்டரினா?

செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் ஷூ தயாரிக்குது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துக்கு இன்னொரு தைவான் நிறுவனமான ஹாங் ஃபூ வருது. ஆகவே மாண்டரினுக்கு நம்ம பக்கத்திலேயே காரணம் இருக்கு. ஜெர்மனி நம்ம தோல் ஷூக்களின் பழைய பையர். ஜெர்மனுக்கு சென்னை கோத்தே இன்ஸ்டிட்யூட், ஜப்பானீஸுக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் டோசோகாய், கொரியனுக்கு இன்கோ சென்டர் என்று இடங்களும் இருக்கு.

ஆனா ஒரு கணக்கு போடுங்க. உதாரணத்துக்கு மட்டும் வெச்சுக்குவோம்: ஒரு லெவலுக்கு 20,000 ரூபாய், அஞ்சு மாசம். வகுப்புக்காக விடுற ஓவர்டைம் மாசம் 1,500. ஜெர்மன் ஏ1, ஏ2, பி1 முடிக்க 60,000 பிளஸ் 22,500, மொத்தம் 82,500. அதனால் மாசம் 5,000 கூடுதலா வர்ற வேலை கிடைச்சா பதினாறரை மாசத்தில் போட்ட பணம் திரும்பும். நல்ல முதலீடு. ஏ1-லேயே நிறுத்தினால்? 27,500 செலவு, வரவு பூஜ்யம். ஏ1-ல் உங்களால் பெயர் சொல்ல முடியும், காபி ஆர்டர் பண்ண முடியும். பையரோடு லெதர் டிஃபெக்ட் பத்திப் பேச முடியாது. என் கண்ணுக்கு, இருக்கிறதிலேயே காஸ்ட்லியான முடிவு ஏ1-ல் நிறுத்துறதுதான். பி1 வரை போக மனசும் பணமும் இல்லைன்னா ஆரம்பிக்காதீங்க.

பணம்னதும் இன்னொண்ணு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்டதை இந்த பெல்ட்டில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆர்டர் ஒரே நாட்டை நம்பியிருந்தால் என்ன ஆகும்னு பார்த்தோம். அந்த மாதிரி மாசத்தில் கோர்ஸ் ஃபீஸுக்கு இஎம்ஐ ஓடிட்டு இருக்கக் கூடாது. குறைஞ்சது மூணு மாசச் செலவைத் தனியா வெச்சிட்டு, மீதியில் இருந்து படிங்க.

கம்பெனி செலவில் படிக்கிறீங்களா?

அப்போ பாண்ட் வரும். "அதெல்லாம் சும்மா பயமுறுத்தல், கோர்ட்டில் நிக்காது"ன்னு சீனியர்ஸ் சொல்வாங்க. நம்பாதீங்க. விஜயா வங்கி வழக்கில், மூணு வருஷத்துக்கு முன்னாடி விலகினால் 2 லட்சம் கட்டணும் என்ற நிபந்தனை செல்லும்னு உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பு சொல்லிடுச்சு. கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டு விஷயம் கேளுங்க. தொகை கம்பெனி உண்மையில் செலவு பண்ணதை ஒட்டி இருக்கா? வேலை செஞ்ச மாசத்துக்கு ஏத்த மாதிரி குறையுமா? 24 மாச பாண்டில் 20 மாசம் முடிச்சவர் முழுத் தொகையும் கட்டணும்னு இருந்தால், அந்த வரியை மாத்தச் சொல்லுங்க.

மொழிக்காகச் சம்பளம் கூட்டும்போது எங்கே சேர்க்கிறாங்கன்னும் பாருங்க. "லாங்குவேஜ் அலவன்ஸ் 3,000"னு தனியா கொடுத்தால் கேட்க நல்லா இருக்கும். அடுத்த வருஷம் பையர் மாறினால் சத்தமில்லாம நின்னுடும். அதே 3,000 பேசிக்கில் சேர்ந்தால் எளிதில் பிடுங்க முடியாது. அஞ்சு வருஷம் கழிச்சு கிராஜுவிட்டியில் மட்டும் 3,000 × 15 ÷ 26 × 5, அதாவது சுமார் 8,650 ரூபாய் கூடும். பேசிக் 15,000-க்குக் கீழே இருக்கிறவங்களுக்கு, அந்த வரம்பு வரை பிஎஃப்-இல் கம்பெனி பங்கும் ஏறும்.

சிலர் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு பண்ணி சம்பாதிக்கிறாங்க. முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு பாருங்க. பணம் கொடுக்கிறவங்க ப்ரொஃபஷனல் ஃபீஸ்னு 10% டிடிஎஸ் பிடிச்சிருந்தால், "போனது போச்சு"ன்னு விட்டுடாதீங்க. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை இந்த மாதிரி வருமானத்துக்கு வரி பூஜ்யம். பிடிச்ச தொகை முழுசா ரீஃபண்ட் வரும், ரிட்டர்ன் போட்டால் மட்டும். அந்த வருமானத்தோடு ஐடிஆர்-1 போட முடியாது. நிலைமையைப் பொறுத்து ஐடிஆர்-3 அல்லது 4. ரிட்டர்ன் தொடங்குறதுக்கு முன்னாடி 26ஏஎஸ்-ஐ டவுன்லோட் பண்ணி, பிடிச்ச தொகை உங்க பேன் நம்பரில் ஏறியிருக்கான்னு பார்த்துடுங்க.