வளர்ந்து முடியாத எலும்பு

சென்ற ஆண்டு சரியாக இருந்த உங்கள் பள்ளிச் சீருடை இந்த ஆண்டு கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதா? அப்படியானால் உங்கள் எலும்புகள் இன்னும் வளர்கின்றன. கை, கால் எலும்புகளின் முனைகளில் வளர்தட்டு எனப்படும் மெல்லிய குருத்தெலும்பு இருக்கிறது. அது கெட்டியாகி எலும்பாக மாறும் வரை நம் உயரம் கூடும். பெண்களுக்கு முதல் மாதவிடாய் வருவதற்குச் சற்று முன்புதான் உயரம் மிக வேகமாகக் கூடும். அதன் பிறகு வேகம் குறையும்.

அந்த நேரத்தில் பெரியவர்கள் பார்த்து, "பெண் வளர்ந்துவிட்டாள்" என்பார்கள். ஆனால் இடுப்பெலும்பு அப்படிச் சொல்லாது. உயரம் கூடுவது நின்ற பிறகும் சில ஆண்டுகளுக்கு அது விரிந்துகொண்டே இருக்கும். மாதவிடாய் தொடங்கிவிட்டால் உடல் கருத்தரிக்கலாம். ஆனால் குழந்தை வெளியே வரும் வழி அப்போது தயாராக இருப்பதில்லை. உடலின் இந்த இரண்டு கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டுவதில்லை.

இந்த இடைவெளியில் ஒரு சிறுமிக்குத் திருமணம் செய்து வைத்தால் என்ன ஆகும்? இதை எத்தியோப்பியாவை வைத்துப் பார்ப்போம். அந்நாட்டில் 2000ஆம் ஆண்டு குடும்பச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 15இலிருந்து 18ஆக உயர்த்தியது. ஆயினும் 2016இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயது வரையிலான பெண்களில் 100க்கு 40 பேர் 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆனவர்கள். வடக்கே அம்ஹாரா பகுதியின் மலைக் கிராமங்களில் இந்த வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியது. நம் நாட்டில் படிவம் இரண்டு படிக்கும் வயதில் அங்குள்ள சிலர் மாமியார் வீட்டில் தண்ணீர் சுமப்பார்கள்.

இப்போது அளவுகளைப் பாருங்கள். நிறைமாதக் குழந்தையின் தலை காதுக்கு மேலே குறுக்காக ஏறக்குறைய 9.5 செ.மீ. இருக்கும். முழு வளர்ச்சி அடைந்த பெண்ணின் இடுப்பெலும்பு வளையத்தில் முன்னும் பின்னும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 11 செ.மீ. மட்டுமே. வளர்ந்த பெண்ணுக்கே ஒரு விரல் அகலந்தான் மிச்சம்! குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறி, தலையும் திரும்பித் திரும்பித்தான் வெளியே வருகிறது. வளையம் ஓரிரு சென்டிமீட்டர் குறுகிவிட்டால் தலை சிக்கிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே சத்தான உணவு கிடைக்காமல் குள்ளமாக வளர்ந்த சிறுமிக்கு அந்த வளையம் இன்னும் சிறியதாக இருக்கும்.

கருப்பைக்கு இது தெரியாது. அது தொடர்ந்து சுருங்கிக் குழந்தையைத் தள்ளும். ஒரு நாள், இரண்டு நாள், சில வேளைகளில் மூன்று நான்கு நாள் வரைகூட வலி நீடிக்கும். அந்த நேரம் முழுவதும் குழந்தையின் தலை, தாயின் சிறுநீர்ப்பையையும் பிறப்புப் பாதையின் சுவரையும் முன்பக்க இடுப்பெலும்போடு சேர்த்து நசுக்கும். விரலில் ரப்பர் வளையத்தை இறுக்கிச் சுற்றினால் விரல் வெளுத்துவிடும் அல்லவா? அதே போல் அங்கேயும் இரத்தம் போகாது. இரத்தம் இல்லாத திசு இறந்துவிடும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். சில நாள் கழித்து இறந்த திசு உதிரும். அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழும். இதை மருத்துவர்கள் 'ஃபிஸ்டுலா' என்கிறார்கள். இலத்தீன் மொழியில் அதற்குக் 'குழாய்' என்று பொருள்.

அதன் பிறகு அவளால் சிறுநீரை அடக்கவே முடியாது. இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கும். நாற்றத்திற்கு அஞ்சி அவள் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள். குறைத்தால் சிறுநீர் அடர்த்தியாகி நாற்றம் இன்னும் கூடும், தோலும் புண்ணாகும். நரம்புகள் நசுங்கியதால் சிலருக்குப் பாதம் தொங்கி, நடக்கவும் முடியாமல் போகும். கணவன் கைவிட்டுவிட, தனிக் குடிசையில் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் பலர்.

எல்லாவற்றுக்கும் வயதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 30 வயதுப் பெண்ணுக்கும் இது வரலாம். பணக்கார நாட்டில் 15 வயதுச் சிறுமி கருவுற்றாலும் ஃபிஸ்டுலா வருவது மிக அரிது. தலை சிக்கியது தெரிந்தவுடன் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துவிடுவார்கள். நியூயார்க்கிலேயே 1855இல் இந்த நோய்க்காகவே மகளிர் மருத்துவமனை ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சை எளிதில் கிடைக்கத் தொடங்கிய பிறகு அந்நோய் அங்கே ஏறக்குறைய மறைந்தே போனது. ஆகவே குறுகிய எலும்பு பாதிக் காரணம். எட்டாத் தொலைவில் இருக்கும் மருத்துவமனை மறுபாதி. குழந்தைத் திருமணம் இந்த இரண்டையும் ஒரே சிறுமியின் தலையில் வைக்கிறது. மருத்துவமனைக்குப் போகலாமா என்று முடிவு செய்யும் உரிமையும் பெரும்பாலும் அவளிடம் இல்லை.

வேறு ஆபத்துகளும் உண்டு. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் நோயும், பேறுகாலத்திற்குப் பின் வரும் கருப்பைத் தொற்றும் 20 முதல் 24 வயதுத் தாய்மார்களைவிடப் பதின்ம வயதினரை அதிகம் தாக்குகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் தாயும் வளரும் கருவும் ஒரே தட்டுச் சோற்றுக்குப் போட்டியிடுவதால், குழந்தை 2.5 கிலோவுக்கும் குறைவாகப் பிறப்பதும் அதிகம். அக்குழந்தை பெண்ணாகப் பிறந்து, குள்ளமாகவே வளர்ந்தால் அவளுக்கும் குறுகிய இடுப்பெலும்புதான் வாய்க்கும்.

1959இல் கேதரின் ஹாம்லின், ரெஜினால்டு ஹாம்லின் என்னும் மருத்துவத் தம்பதியர் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அடிஸ் அபாபாவுக்கு வந்தார்கள். தாதியருக்குப் பேறுகாலப் பயிற்சி கொடுப்பதுதான் அவர்கள் வேலை. கசியும் உடையுடன் நடந்தும் பேருந்திலும் வந்து சேர்ந்த பெண்களைப் பார்த்த பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. 1974இல் ஃபிஸ்டுலாவுக்கென்றே ஒரு மருத்துவமனையைக் கட்டினார்கள். ஓட்டையைத் தைத்து மூடுவதில் பத்தில் ஒன்பது பேருக்கு வெற்றி கிடைத்தது. கேதரின் 2020இல் தமது 96ஆம் வயதில் காலமானார். அதற்குள் அங்கே 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மாமிட்டு காஷே. எழுதப் படிக்கத் தெரியாத நோயாளியாக வந்த அவர், சிகிச்சைக்குப் பின் அங்கேயே தங்கி, அறுவை அறையில் உதவி செய்தே தொழிலைக் கற்றார். பின்னர் தாமே தைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

தைப்பதைவிட ஓட்டை விழாமல் தடுப்பதுதானே மேல்? 2004இல் அம்ஹாராவின் மோசெபோ கிராமத்தில் ஒரு திட்டம் தொடங்கியது. பெர்ஹானே ஹெவான், அதாவது 'ஏவாளுக்கு ஒளி' என்பது அதன் பெயர். பெண்பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு திருமணம் செய்யாமல் வைத்திருந்த குடும்பத்துக்கு ஓர் ஆடு பரிசு! கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் ஏழைக் குடியானவருக்கு ஆடு என்பது சேமிப்பு. ஆய்வாளர்கள் பக்கத்துக் கிராமத்தோடு ஒப்பிட்டபோது, 10 முதல் 14 வயதுச் சிறுமிகளிடையே திருமணம் வெகுவாகக் குறைந்திருந்தது. 15 முதல் 19 வயதுப் பிரிவில் மட்டும் எண்ணிக்கை கூடியிருந்தது. திருமணம் நின்றுவிடவில்லை, தள்ளிப்போயிருந்தது. எலும்புக்கு வேண்டியதும் அந்தச் சில ஆண்டுகள்தான்.

அடிஸ் அபாபா மருத்துவமனையில் தையல் ஆறும்வரை இரண்டு வாரம் போலச் சிறுநீர்க் குழாயுடன் படுத்திருக்க வேண்டும். குழாயை எடுத்ததும் படுக்கை உலர்ந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். வீட்டுக்குப் புறப்படும் நாளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புதிய உடை கொடுப்பார்கள். அடுத்த குழந்தையை அறுவை சிகிச்சை மூலம் மட்டுமே பெற வேண்டும், வலி வரும் முன்பே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார்கள்.