பல்லைக் காக்கும் உமிழ்நீர்

மாணவர்களே, சூயிங் கம் விற்பனைக்குச் சிங்கப்பூரில் தடை உண்டு. அப்படியிருந்தும் மருந்தகங்களில் ஒரு வகைக் கம் கிடைக்கிறதே, ஏன் தெரியுமா?

கம்மின் அடிப்பொருள் ரப்பர் போன்றது, நீரில் கரையாது. மென்று ஒட்டிய கம், எம்ஆர்டி ரயில் கதவுகள் சரியாக மூடுவதைத் தடுத்தது. அதனால் 1992ல் தடை வந்தது. அமெரிக்காவுடன் செய்த வர்த்தக உடன்பாட்டைத் தொடர்ந்து, 2004ல் மருத்துவப் பயனுள்ள கம்முக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. பற்களுக்கான சர்க்கரையில்லாத கம் அதில் ஒரு வகை.

அது எப்படி உதவுகிறது? நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். மெல்லும்போது உமிழ்நீர் அதிகம் சுரக்கும். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் எனாமலைச் சீராக்கும். கம்மில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பைப் பாக்டீரியாக்களால் அமிலமாக்க முடியாது.

உணவுக்குப் பின் 20 நிமிடம் மென்றால் போதும். நாள் முழுதும் மென்றால் தாடை வலிக்கும். சார்பிட்டால் என்ற இனிப்பு அதிகமானால் வயிற்றுப்போக்கும் வரலாம்.

கம் இல்லையா? கவலை வேண்டாம். தேக்காவில் சாப்பிட்டபின் மெல்லும் சோம்பும் உமிழ்நீரைச் சுரக்கவைக்கும். ஆனால், வண்ணச் சர்க்கரை பூசிய சோம்பு பாக்டீரியாக்களுக்குத்தான் விருந்து! பூசாததை எடுங்கள். எதை மென்றாலும், காலையும் இரவும் பல் துலக்க மறக்காதீர்கள்.