கரும்பலகைக்குப் பின்னால் – 7: பறிப்பதற்கு உரிமம் எங்கே?

அமெரிக்காவில் ஆசிரியருக்கு மாநில அரசு உரிமம் கொடுக்கிறது. பெரும் தவறு செய்தால் அதை ரத்துச் செய்கிறது. இங்கிலாந்தில் கற்பிக்கவே தடை விதித்து உத்தரவு வரும். இலங்கையில் பறிப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை. வைத்தியருக்கு மருத்துவ சபை இருக்கிறது, சட்டத்தரணியின் பெயரை நீக்க உயர் நீதிமன்றம் இருக்கிறது. அரசாங்க ஆசிரியருக்கு இருப்பது தாபன விதிக்கோவையில் ஒழுக்காற்று நடைமுறை பற்றிய 48ஆம் அத்தியாயம். கச்சேரியில் வேலை பார்க்கும் எழுதுவினைஞருக்கும் அதுதான்.

மாத்தளைத் தோட்டமொன்றில் பிள்ளையை வாத்தியார் அடித்துவிட்டார் என்று தாய் முறையிடுகிறார் என வைப்போம். அதிபர், பிறகு வலயக் கல்விப் பணிமனை. மாவட்டத்தில் மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ என்று வலயங்கள். அங்கிருந்து விஷயம் மாகாணத் தலைமையகமான கண்டிக்குப் போகும். ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரம், அதற்குப் பதில், முறையான ஒழுக்காற்று விசாரணை என்று பைல் தடித்துக்கொண்டே போகும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலை ஆசிரியர் மாகாணத்தின் பொறுப்பு. தேசியப் பாடசாலை ஆசிரியர் கொழும்பின் பொறுப்பு. ஒரே பஸ்ஸில் போகும் இரண்டு பிள்ளைகளின் முறைப்பாடு இரண்டு நகரங்களுக்குப் பிரிந்து போகலாம்.

இந்தப் படிகள் வேண்டாதவை அல்ல. பொய்ப் புகாரில் ஒருவரின் சோறு போய்விடக் கூடாது. ஆனால் சாட்சி சொல்லப் போகும் நாளில், கொழுந்தோ பால்வெட்டோ, தாய்க்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். அதற்குள் யாராவது சமாதானம் பேசுவார்கள். "சேரை மாத்தியாச்சு, இனி விடுங்க" என்பார்கள். மாற்றினால் அவர் போவது இன்னொரு தோட்டத்துப் பிள்ளைகளிடம்தானே?

உடல் தண்டனை கூடாது என்று 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையே சொன்னது. பிரம்பு அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தென்மாகாண மாணவர் ஒருவர் ஆசிரியர் அறைந்ததில் செவிப்புலன் பாதிக்கப்பட்டு, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2021 பெப்ரவரியில் தீர்ப்பு: இழிவாக நடத்தப்படாதிருக்கும் அடிப்படை உரிமை மீறப்பட்டது. ஆசிரியர் தன் கையிலிருந்து 1,50,000 ரூபா, அரசு 5,00,000 ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும். சொந்தப் பணம் என்றதும் ஓய்வறைகளில் பேச்சு கொஞ்சம் மாறியிருக்க வேண்டும்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. சேவையிலிருந்து நீக்கினாலும் பறிபோவது அரசாங்க வேலை மட்டும். நீக்கப்பட்டவர் அடுத்த வாரமே ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து டியூஷன் பலகை மாட்டலாம். கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான சர்வதேசப் பாடசாலையொன்றில் சேரவும் செய்யலாம். டியூஷன் மண்டபத்தில் சேர்க்கும் பெற்றோருக்கு அவரைப் பற்றி விசாரிக்க ஒரு பதிவேடு கிடையாது.

பதிவேடு வந்தால் அது அரசியல் பழிவாங்கலுக்கு ஆயுதமாகும் என்று ஆசிரியர்கள் அஞ்சலாம். இடமாற்றமே அரசியலாகிப்போன நாட்டில் அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆகவே அதை வைத்திருப்பவர் அமைச்சராக இருக்கக் கூடாது. ஆசிரியரும் பெற்றோரும் உட்காரும் தனிச் சபை வேண்டும் என்பது என் கட்சி. டியூஷன் வாத்தியாரும் அதில் பதிய வேண்டும்.

(தொடரும்)