கல்லூரிப் பிள்ளையின் மனநலம்: பெற்றோர் அறிய வேண்டியவை



திராட்சைத் தோட்டத்திலும் வயலிலும் பாடுபட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையத்துக்குப் பஸ்ஸில் போய்ப் படிக்கிற பிள்ளையும் உண்டு. மதுரை, கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளையும் உண்டு. பீஸ் கட்டியாச்சு என்று நிம்மதி அடைகிறோம். பிள்ளையின் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டோமா?

மனம் ஏன் வாடுகிறது?

புது ஊர், இங்கிலீஷ் பாடம், அரியர், கேலி, 'கடன் வாங்கிப் படிக்க வைக்கிறாங்களே' என்ற பயம் எல்லாம் சேர்ந்து அழுத்தும். தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, யாரிடமும் பேசாமை, படிப்பில் நாட்டமின்மை இரண்டு வாரம் நீடித்தால் கவனியுங்கள். மனச்சோர்வும் காய்ச்சலைப் போல ஒரு நோய்தான். அது காத்து கருப்பும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. சிகிச்சையால் குணமாகும்.

கல்லூரியின் கடமை என்ன?

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது. அதன்படி 100 மாணவரும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிலையம் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். உதவி எண்களை வகுப்பிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி தர வேண்டும்.

ராகிங் செய்வது குற்றம். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பின், 1997-ல் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. புகாருக்கு: 1800-180-5522.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சேர்க்கும் அன்றே, "இங்க கவுன்சலர் யாருங்க? எங்க பாக்கலாம்?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

2. போனில் மார்க் கேட்பதற்கு முன், "நல்லாத் தூங்குறியா சாமி?" என்று கேளுங்கள்.

3. கவுன்சலரைப் பார்த்தால் 'பைத்தியம்னு பேரு வந்துரும், கல்யாணம் நின்னுரும்' என்று தடுக்காதீர்கள்.

4. 'நீ குடுத்த செல்லம்தான்' என்று கணவனும் மனைவியும் சண்டை போடாதீர்கள். இருவரும் ஒரே பேச்சாக இருந்தால்தான் பிள்ளை மனம் திறக்கும்.

5. 'செத்துப் போகலாம்னு இருக்கு' என்றால் அதட்டாதீர்கள். சும்மா சொல்கிறது என்றும் விடாதீர்கள். தனியாக விடாமல் உடனே உதவி தேடுங்கள். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் வளராது, பாரம்தான் குறையும்.

6. பூச்சி மருந்தை எப்போதும் பூட்டி வையுங்கள். சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். ஒரு நிமிஷ வேகத்தில் வரும் ஆபத்தை இந்தப் பூட்டு தடுக்கும்.

உதவி எங்கே?

டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இரவும் பகலும் இலவசம்; தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் பேசலாம். நேரில் காட்ட, க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108-ஐ அழையுங்கள்.

அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதலாம். பட்டம் ஒரு வருஷம் பிந்தி வரலாம். நமக்குப் பிள்ளைதான் முக்கியம்.

படித்த பின் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.