கடைசி உரிமையாளரின் தலையில் விழும் படகு

ஆயுள் முடிந்த சரக்குக் கப்பலைக் கழித்துக்கட்ட அதன் முதலாளி காசு செலவழிப்பதில்லை, காசு வாங்குகிறார். குஜராத்தின் அலங் கடற்கரையில் 1983 முதல் நடந்துவரும் கப்பல் உடைப்புத் தொழிலின் கணக்கு அது. ஓதம் ஏறும் நேரம் பார்த்துக் கரையேற்றிவிட்டால், இரும்பு டன் கணக்கில் விலை போகும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது கப்பலுக்குச் சரியாகப் பொருந்தும். இருபத்தெட்டு அடி பாய்மரப் படகுக்குப் பொருந்தாது. அமெரிக்காவில் அப்படியொரு பழைய படகை வைத்திருப்பவர் முதலில் விலை போட்டு விளம்பரம் கொடுக்கிறார். பிறகு விலையைப் பாதியாக்குகிறார். கடைசியில் ‘இலவசம், எடுத்துச் சென்றால் போதும்’ என்று எழுதுகிறார். அதற்கும் ஆள் வருவதில்லை. வந்த ஒருவர் இருவரும் பூஞ்சை வாடை அடிக்கும் உள்ளறைக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறார்கள். கையை விட்டுப் போக வேண்டுமானால் தானே பணம் கட்ட வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைக்கிறது.

இந்த நிலைமையின் தொடக்கத்தைத் தேடினால் 1959 ஜனவரிக்குப் போக வேண்டும். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரைச் சேர்ந்த கிளின்டன் பியர்சன், எவரெட் பியர்சன் என்ற உறவினர்கள் இருவர், நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு ‘ட்ரைடன்’ என்ற படகைக் கொண்டுவந்தார்கள். கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்தது. நீளம் இருபத்தெட்டு அடிக்குச் சற்று மேல். உடல் முழுக்க ஃபைபர் கிளாஸ். விலை பத்தாயிரம் டாலருக்கும் குறைவு. அதுவரை இந்த அளவுள்ள பாய்மரப் படகு என்றால் தச்சர்கள் மரத்தில் மாதக்கணக்கில் இழைத்துச் செய்வது, பணக்காரர்களின் சொத்து. ட்ரைடனோ அச்சில் வார்த்து எடுக்கும் பொருள். எழுநூறுக்கும் மேற்பட்டவை விற்றன. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் இதே வழியில் பல தொழிற்சாலைகள் இறங்கின. கலிஃபோர்னியாவின் ‘கேட்டலினா 22’ மட்டுமே பதினைந்தாயிரத்தைத் தாண்டியது. ஆசிரியரும் மெக்கானிக்கும் வார இறுதியில் பாய் விரித்துக் கடலுக்குப் போகும் காலம் வந்தது. நல்ல காலம்தான், அதில் சந்தேகமில்லை.

ஆனால் மரப் படகு கவனிக்காமல் விட்டால் மக்கும், புழு அரிக்கும், தானாகவே முடிந்துபோகும். ஃபைபர் அப்படி முடிவதில்லை. புதுப் பொருளின் வலிமை எவ்வளவு என்று அந்த நாள் கட்டுநர்களுக்கு முழுதாகப் பிடிபடாததால், எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணாடி இழையை அடுக்கடுக்காகப் போட்டுத் தடிமனாகவே வார்த்தார்கள். அறுபது வயதான படகுகள் இன்றும் ஓட்டை விழாமல் மிதக்கின்றன. பாய் கிழிந்திருக்கும், என்ஜின் இறுகியிருக்கும், மேல்தளம் காலடியில் அமுங்கும். உடல் மட்டும் அப்படியே இருக்கும். அதை உருக்கவும் வழியில்லை. பாலியெஸ்டர் ரெசின் ஒருமுறை இறுகிவிட்டால் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துவிடுகின்றன. பிளாஸ்டிக் குடத்தைப் போலச் சூடாக்கி வேறொன்றாக வார்க்க முடியாது, சூடேற்றினால் கருகும். நம் தெருக்களில் வரும் பேரீச்சம்பழக்காரர் ஈயம் பித்தளைக்கு எடை போடுவார். படகின் உடலை அவர் தொடவே மாட்டார்.

படகை வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காலத்தின் கணக்கு. படகுத்துறையில் வாடகை அடிக்கணக்கில் வாங்குகிறார்கள். மாதம் அடிக்குப் பதினைந்து டாலர் என்று வைத்தால் இருபத்தெட்டு அடிக்கு 420 டாலர், ஆண்டுக்கு 5,040 டாலர். காப்பீடு தனி. ‘அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தொகை போகிறது. கூடவே படகின் மதிப்பும் இறங்குகிறது. இன்று யாராவது இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய படகு, இரண்டு மழைக்காலம் கழித்துக் காசு கொடுத்து அனுப்ப வேண்டிய படகாகிறது. ஆகவே மலிவாகக் கழிக்க முதல் வழி சீக்கிரம் முடிவெடுப்பதுதான். மிதக்கும்போதே, என்ஜின் ஓடும்போதே, பதிவுப் பத்திரம் கையில் இருக்கும்போதே.

எல்லாப் பழைய படகும் கழிசடை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் பால்ட்வின் என்பவர் ‘ஆட்டம்’ என்ற தன் பழைய ட்ரைடனிலேயே உலகை இருமுறை சுற்றிவந்தவர். நல்ல பெயருள்ள மாடலாக இருந்தால், அந்த மாடலின் உரிமையாளர் சங்கத்தில் சொல்லிவைப்பது பொது விளம்பரத்தைவிடப் பலன் தரும். உதிரிபாகத்துக்காகவே முழுப் படகையும் வாங்குபவர்கள் அங்கேதான் இருப்பார்கள். இழுவண்டியோடு இருக்கும் சிறு படகானால், வண்டிக்காகவே படகை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

ஒரு டாலருக்கு விற்பதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வாங்கியவர் பெயர் மாற்றாமல் விட்டு, படகு எங்கோ சேற்றில் தரைதட்டினால், அதிகாரிகள் பதிவேட்டில் உள்ள பழைய பெயரைத்தான் தேடி வருவார்கள். விற்ற அன்றே பதிவு அலுவலகத்துக்கு விற்பனைத் தகவலை அனுப்பி, அதன் நகலைப் பத்திரமாக வைக்க வேண்டும். வாங்குபவர் யார் என்று பார்ப்பதும் அவசியம். வீட்டு வாடகை கொடுக்க வழியில்லாத ஒருவர், கூரையாக இருக்கட்டும் என்று இந்தப் படகை வாங்குகிறார். சான் பிரான்சிஸ்கோவை அடுத்த ரிச்சர்ட்சன் வளைகுடாவில் பல்லாண்டுகளாக இப்படித்தான் மனிதர்கள் நங்கூரமிட்டு வாழ்ந்துவந்தார்கள். புயல் காற்றில் நங்கூரம் இழுபட்டால் படகு மட்டுமல்ல, ஒருவரின் குடியிருப்பே கரையில் மோதுகிறது. நம் தலைவலியை நம்மைவிட ஏழையான ஒருவரிடம் கைமாற்றுவதை ‘விற்பனை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நன்கொடை கொடுப்பது இன்னொரு வழி. முன்பு அமெரிக்காவில் இது லாபகரமாகவே இருந்தது. படகுக்கு ஒரு மதிப்பைப் போட்டு வருமான வரியில் கழித்துக்கொள்வார்கள். 2004ல் வந்த வரிச் சட்டம் அதை இறுக்கிவிட்டது. 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், தொண்டு நிறுவனம் படகைத் தானே பயன்படுத்தாமல் விற்கும்போது எவ்வளவு கிடைத்ததோ அந்தத் தொகைக்குத்தான் பொதுவாகக் கழிவு கிடைக்கும். ‘சீ ஸ்கவுட்ஸ்’ போன்ற இளைஞர் அமைப்புகள் இன்றும் படகு வாங்கிக்கொள்கின்றன, ஓடும் நிலையில் இருந்தால்.

யாரும் எடுக்காத படகுக்கு அரசுத் திட்டங்கள் உண்டு. பலருக்கு இது தெரியாததே பெரிய இழப்பு. வாஷிங்டன் மாநிலம் கைவிடப்பட்ட படகுகளை அகற்றும் திட்டத்தை 2002ல் தொடங்கியது. மூழ்கிய பின் தூக்குவதைவிட மூழ்குமுன் வாங்கிக்கொள்வது மலிவு என்று கண்டு, 2014ல் ஒப்படைப்புத் திட்டத்தையும் சேர்த்தது. நாற்பத்தைந்து அடிக்குக் குறைவான, மதிப்பிழந்த படகை, கழிக்க வசதியில்லாத உரிமையாளர் விண்ணப்பித்து ஒப்படைக்கலாம். கலிஃபோர்னியாவில் மாநில அரசு உள்ளூர் அமைப்புகளுக்கு நிதி கொடுக்கிறது. அவை படகை வாங்கி உடைக்கின்றன. ஃப்ளோரிடாவின் முறை வேறு. ‘இந்தப் படகு கைவிடப்படும் நிலைக்குப் போகிறது’ என்று அதிகாரிகள் எச்சரித்த பிறகு, அது முழுதாகச் சிதையுமுன் ஒப்படைத்தால் இலவசமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியைத் தவறவிட்டால் அதே படகு குற்ற வழக்காகிறது. ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறதா? தாத்தாவின் பெயரிலேயே விட்டுவைத்த படகுகள் இந்த இடத்தில்தான் சிக்கி நிற்கின்றன.

இதற்கும் வழியில்லை என்றால் உடைக்க வேண்டியதுதான். இங்கேதான் செலவைக் குறைக்க உரிமையாளரால் நிறையச் செய்ய முடியும். முதலில் கழற்றி விற்பது: அலுமினியப் பாய்மரம், அதைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், கயிறு சுற்றும் வின்ச்சுகள், வெண்கல வால்வுகள், நங்கூரமும் சங்கிலியும், சிறிய டீசல் என்ஜின். பழைய பாய்களுக்கும் கிராக்கி உண்டு; மெய்ன் மாநிலத்தில் ‘சீ பேக்ஸ்’ என்ற நிறுவனம் பாய்த்துணியிலேயே பைகள் தைத்து விற்கிறது. எல்லாவற்றிலும் பெரியது அடியில் இருக்கும் கீல், அதாவது படகு கவிழாமல் நிறுத்தும் பாரம். ட்ரைடனில் அது சுமார் மூவாயிரம் பவுண்டு ஈயம். எடைக்குப் போட்டுப் பவுண்டுக்கு அரை டாலர் கிடைத்தால்கூட 1,500 டாலர் ஆகிறது. உடைப்புச் செலவில் நல்லதொரு பங்கை அது மீட்டுவிடும். வார்ப்பிரும்புக் கீல் என்றால் அவ்வளவு தேறாது. ஈயம் போல்ட்டுகளில் தொங்கினால் நட்டைக் கழற்றி இறக்கலாம். ஃபைபருக்குள் பொதிந்திருந்தால் உறையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். படகை விட்டொழிக்கும் அவசரத்தில் கீலின் கணக்கைப் பார்க்காமல் மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பவர்கள், கையிலிருக்கும் பணத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

அறுக்கும் வேலை எளிதல்ல. டீசலை வடித்து, பேட்டரியை இறக்கி, காலாவதியான அபாய அறிவிப்புத் தீச்சுடர்களைத் தனியே ஒப்படைத்த பிறகுதான் வாளை எடுக்கவே வேண்டும். கண்ணாடி இழை சாதாரண வாளின் பற்களை வேகமாக மழுக்கிவிடும். கார்பைடு முனை உள்ளவை தேவை. ஒவ்வோர் அறுப்பிலும் வெள்ளைப் புழுதி புகையாக எழும்பி, சட்டைக் கையிலும் கழுத்து மடிப்பிலும் புகுந்து குத்தும். குளித்தாலும் அரிப்பு அடங்காது. அது நுரையீரலுக்குப் போகக்கூடாது. அடிப்பகுதியில் பூசிய பழைய பெயின்ட்டில் செம்பு இருக்கும். எண்பதுகள் வரையிலான அடுக்குகளில் உலகெங்கும் பின்னர் தடைசெய்யப்பட்ட வெள்ளீயச் சேர்மமும் இருக்கக்கூடும். நல்ல முகமூடியும் முழு உடுப்பும் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது சிக்கனம் அல்ல. மேல்தளத்துக்கு நடுவே இருக்கும் பால்சா மரம் நீர் குடித்துக் கனத்திருக்கும். குப்பைக் கிடங்கில் எடைக்குத்தான் கட்டணம் என்பதால், அதை மூடிவைத்து உலரவிட்ட பிறகு அறுப்பது நல்லது. துண்டு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கிடங்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பொக்லைன் உள்ள படகுப் பட்டறையில் கொடுத்தால், தனியாள் நாள்கணக்கில் செய்வதைச் சில மணி நேரத்தில் நொறுக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

நடுக்கடலில் மூழ்கடிப்பதையும் தீ வைப்பதையும் யோசிக்கவே வேண்டாம். இரண்டும் சட்டவிரோதம். எரியும் ஃபைபர் நச்சுப் புகை கக்கும். மூழ்கியது உடைந்து நுண்துகளாகி மீனின் வயிற்றுக்குப் போகும்.

கழிப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதுதான் இதில் அடிப்படைக் கேள்வி. புதிதாக வாங்கியவர் நல்ல காலத்தை அனுபவித்துவிட்டு விற்றார். இரண்டாமவரும் அப்படியே. விலை இறங்க இறங்க வாங்குபவரின் வசதியும் இறங்குகிறது. பில் வருவதோ கடைசி ஆளுக்கு. அநேகமாக அவரே அந்தப் படகுக்கு மிகக் குறைந்த விலை கொடுத்தவர். இது நியாயமில்லை என்று முதலில் சட்டமாக்கிய நாடுகளில் ஒன்று பிரான்ஸ். அங்கே 2019 முதல், புதுப் படகு விற்கும்போதே தயாரிப்பாளர் ஒரு பங்களிப்பைக் கட்டுகிறார். படகு உரிமையாளர்களின் ஆண்டு வரியிலிருந்தும் ஒரு பகுதி சேர்கிறது. ‘ஆப்பர்’ என்ற அமைப்பு அந்தப் பணத்தில், இரண்டரை மீட்டர் முதல் இருபத்துநான்கு மீட்டர் வரையிலான பழைய படகுகளை இலவசமாக உடைத்துத் தருகிறது. உடைக்கும் மையம் வரை கொண்டுசேர்க்கும் செலவு மட்டும் உரிமையாளருடையது. நார்வே 2017 முதல், பழைய உல்லாசப் படகை முறையாக ஒப்படைப்பவருக்கு 1,000 குரோன் கொடுக்கிறது. ஜப்பானில் 2005ல் படகுத் தொழில் சங்கமே தொடங்கிய திட்டம், ஃபைபர் உடலை நொறுக்கி சிமென்ட் சூளைக்கு அனுப்புகிறது. ரெசின் எரிந்து எரிபொருளாகிறது. கண்ணாடி இழை சிமென்ட்டின் மூலப்பொருளோடு கலந்துவிடுகிறது. ட்ரைடன் பிறந்த ரோட் ஐலண்டிலும் படகுத் தொழில் சங்கம் இதே வழியைச் சோதனை முறையில் செய்து பார்த்தது.

நம் கரையோரத்துக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கட்டுமரம் பழசானால் கயிற்றை அவிழ்த்து மரத்தை எடுத்துக்கொள்ளலாம், கடைசியில் விறகாகவாவது உதவும். அதன் இடத்தில் வந்தது ஃபைபர் படகு. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகவே ஏராளமாக வந்தது. உடைந்துபோனவை மணலில் கிடக்கின்றன. அவற்றைக் கழிக்கும் செலவை மீனவர் தலையில் கட்டுவது அமெரிக்காவில் ஒரு பாய்மரப் படகுக்காரர் தலையில் கட்டுவதைவிடப் பெரிய அநியாயம். மானியத்தில் புதுப் படகு கொடுக்கும்போதே பழைய படகைத் திரும்ப எடுப்பதையும் அதோடு சேர்க்கலாம். அரியலூரில் சிமென்ட் சூளைகள் இருக்கின்றன. நாகப்பட்டினத்திலிருந்து லாரி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். நடுவில் தேவைப்படுவது படகை நொறுக்கும் இயந்திரமும், லாரிக்குக் காசு கொடுக்க ஒரு நிதியும்.