டிரோன் பேட்டரியை அடிமட்டம் வரை தீர்க்கலாமா?

ஓசூர், சூளகிரி, தளி வட்டாரங்களில் தக்காளி, முட்டைக்கோசு, ரோஜா பயிரிடுவோருக்கும், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி வட்டாரங்களில் மாந்தோப்பு வைத்திருப்போருக்கும் இன்றுள்ள பெரிய தொல்லை, மருந்து தெளிக்க ஆள் கிடைக்காமையே. தொழிற்பேட்டைகளில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது, தெளிப்பான் சுமக்க இளைஞர்கள் வருவதில்லை. இந்தக் குறையை ஓரளவு தீர்க்க டிரோன் வந்துள்ளது. 2023-ல் அறிவிக்கப்பட்ட நமோ டிரோன் தீதி திட்டம், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மானியத்தில் டிரோன் வாங்கி வாடகைக்கு விட வழி செய்தது.

ஆளில்லாமல் பறந்து மருந்து தெளிக்கும் கருவி புதிதன்று. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987-லேயே ஆர்-50 என்னும் சிறு ஹெலிகாப்டரை இதற்கென உருவாக்கியது. தரையில் நிற்பவர் ரேடியோ அலை மூலம் அதை இயக்கினார். அது பெட்ரோலில் ஓடியது. பெட்ரோல் தீர்ந்தால் மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். டாங்கி காலியானதால் டாங்கிக்கு ஒரு கேடும் இல்லை. நம் டிரோன்களோ பெரும்பாலும் லித்தியம் பேட்டரியில் பறப்பவை. இதை முழுவதும் தீர்த்தால் பேட்டரியே கெட்டுவிடும். டிரோனின் பாகங்களில் அடிக்கடி மாற்ற நேரும் விலையுயர்ந்த பாகம் பேட்டரிதான். ஒழுங்காகக் கையாண்டால் சில நூறு முறை சார்ஜ் செய்து பயன்படுத்தக்கூடிய பேட்டரி, கவனக்குறைவால் ஒரே பருவத்தில் வீணாகலாம்.

பழைய பழக்கம் இதற்கு ஆகாது

“முழுக்கத் தீர்ந்த பிறகே சார்ஜ் போட வேண்டும்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முன்பு புழங்கிய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொல்லப்பட்ட யோசனை அது. லித்தியம் பேட்டரிக்கு அதுவே கேடு.

கிணற்றில் நீர் புட்வால்வுக்குக் கீழே இறங்கிய பின்னும் மோட்டாரை ஓட்டினால் பம்பு என்னவாகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். லித்தியம் பேட்டரிக்கும் அப்படி ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே மின்சாரத்தை இழுத்தால் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் சிதைந்து வாயு உண்டாகிறது, பேட்டரி உப்புகிறது. இன்னும் ஆழமாக இறங்கினால் உள்ளே உள்ள செம்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் செய்யும்போது, கரைந்த செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஏற்படுத்தலாம். தீப்பிடிக்கும் அபாயம் இங்குதான் உள்ளது.

ஸ்கூட்டருக்கும் டிரோனுக்கும் உள்ள வேறுபாடு

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களிலும் லித்தியம் பேட்டரிதான் உள்ளது. ஆனால் சார்ஜ் அடிமட்டத்தை நெருங்கும்போது, அதிலுள்ள மின்னணுக் கட்டுப்பாடு மின்சாரத்தைத் தானே துண்டித்துவிடும். வண்டி சாலையோரம் நிற்கும், பேட்டரி பிழைக்கும். பறக்கும் டிரோனில் இவ்வாறு துண்டித்தால் கருவி கீழே விழுந்து நொறுங்கும். ஆகவே டிரோன் எச்சரிக்கை ஒலி தரும், அல்லது தானாகத் தரையிறங்க முயலும். ஒலியைப் பொருட்படுத்தாமல் “இன்னும் ஒரே ஒரு சால்” என்று ஓட்டினால் பேட்டரியைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. இதில் காவல் இயக்குபவர்தான்.

வோல்ட் கணக்கு

டிரோன் பேட்டரி பல செல்களை வரிசையாக இணைத்துச் செய்யப்படுவது. மேலே “12 எஸ்” என்று குறித்திருந்தால் 12 செல்கள் உள்ளன என்று பொருள். டிரோன்களில் பரவலாக உள்ள லித்தியம் பாலிமர் வகைக்குக் கீழ்க்கண்ட அளவுகளை நினைவில் கொள்ளவும்.

முழு சார்ஜ்: செல்லுக்கு 4.2 வோல்ட், 12 செல்லுக்கு 50.4 வோல்ட்.
சேமித்து வைக்க: செல்லுக்கு 3.8 வோல்ட், 12 செல்லுக்கு 45.6 வோல்ட்.
பறக்கும்போது இறக்கத் தொடங்க: செல்லுக்கு 3.6 வோல்ட், 12 செல்லுக்கு 43.2 வோல்ட்.
எக்காரணத்தாலும் தாண்டக் கூடாதது: செல்லுக்கு 3.0 வோல்ட், 12 செல்லுக்கு 36 வோல்ட்.

3.6-க்கும் 3.0-க்கும் இடையே நிறைய மிச்சம் இருப்பதாக எண்ண வேண்டாம். தொடக்கத்தில் மெல்லக் குறையும் வோல்ட், கடைசியில் மளமளவெனச் சரியும். மேலும், தரையிறங்கிச் சுமை நீங்கியதும் வோல்ட் சற்று ஏறிக் காட்டும். அதை நம்பி மறுபடி பறக்கவிடக் கூடாது.

மொத்த வோல்ட்டை மட்டும் பார்ப்பதும் போதாது. 11 செல்கள் தலா 3.7 வோல்ட்டும், நலிந்த ஒரு செல் 2.9 வோல்ட்டும் இருந்தால் மொத்தம் 43.6 வோல்ட் காட்டும். பார்வைக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் அந்த ஒரு செல் ஏற்கெனவே அடிமட்டத்தைத் தாண்டிவிட்டது. எனவே ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே காட்டும் சார்ஜர் அல்லது செல் சோதிப்பானைப் பயன்படுத்தவும்.

வயலில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பேட்டரியில் 20 முதல் 30 சதம் மிச்சம் இருக்கும்போதே தரையிறக்கவும். மருந்துடன் 12 நிமிடம் பறக்கும் கருவியானால், 9-ஆம் நிமிடத்தில் இறங்கும்படி திட்டமிடவும்.

2. மருந்து டாங்கி நிறைந்திருக்கும்போது மின்சாரம் அதிகம் செலவாகும். பாதி சார்ஜ் உள்ள பேட்டரியுடன் முழு டாங்கியைத் தூக்க வேண்டாம். மருந்து நிரப்பும்போதே பேட்டரியையும் மாற்றிவிடுவது நல்லது.

3. ஓசூர்ப் பகுதியில் மார்கழி, தை மாதக் காலைக் குளிரில் பேட்டரியின் வோல்ட் விரைவில் தாழும். இரவில் பேட்டரியைத் திறந்தவெளியிலோ வண்டியிலோ விடாமல் அறைக்குள் வைக்கவும். காலையில் ஒரு நிமிடம் தாழப் பறக்கவிட்டு, வோல்ட்டைக் கவனித்த பின் வேலையைத் தொடங்கவும்.

4. இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபின் போடவும்.

5. வேலை முடிந்ததும் பேட்டரியை டிரோனிலிருந்து கழற்றிவிடவும். இணைப்பிலேயே விட்டால் கருவியின் மின்னணுப் பாகங்கள் சில நாட்களில் பேட்டரியை அடியோடு உறிஞ்சிவிடும்.

6. ஒவ்வொரு பேட்டரிக்கும் வண்ணத்தில் எண் எழுதி, சார்ஜ் செய்த தேதியையும் இறங்கியபின் இருந்த செல் வோல்ட்டையும் நோட்டில் குறிக்கவும். செல்களுக்கிடையே வேறுபாடு 0.1 வோல்ட்டை மிஞ்சி வளர்ந்து வந்தால், அந்தப் பேட்டரியைச் சோதிக்கும்வரை பறக்கவிட வேண்டாம்.

பருவம் முடிந்தபின்

மாம்பூத் தெளிப்பு முடிந்து டிரோன் ஓய்வில் இருக்கும் மாதங்களில் பல பேட்டரிகள் கெடுகின்றன. தீர்ந்த நிலையில் மூலையில் வைத்த பேட்டரி, சும்மா இருக்கும்போதே மேலும் இறங்கி அடிமட்டத்தைத் தாண்டும். முழு சார்ஜுடன் வைப்பதும் தவறு. அதனால் ஆயுள் குறையும். செல்லுக்கு 3.8 வோல்ட் இருக்கும்படி செய்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை சோதிக்கவும்.

கெட்ட பேட்டரியை உயிர்ப்பிக்க வேண்டாம்

மிகவும் இறங்கிவிட்ட பேட்டரியைச் சார்ஜர் ஏற்க மறுக்கும். அது பழுதன்று, பாதுகாப்பு. டிராக்டர் பேட்டரி சார்ஜரில் சிறிது நேரம் போட்டு வோல்ட்டை ஏற்றி, பிறகு முறையான சார்ஜரில் மாட்டும் பழக்கம் மிக ஆபத்தானது. உப்பிய பேட்டரியைக் குத்துவது, அழுத்துவது, சார்ஜ் செய்வது எதுவும் கூடாது.

நல்ல பேட்டரியானாலும் சிமெண்டுத் தரையில், வைக்கோல், உரமூட்டை, டீசல் ஆகியவற்றுக்கு அப்பால் வைத்தே சார்ஜ் செய்யவும். அருகில் ஆள் இருக்க வேண்டும். படுக்கையறையில் இரவு முழுவதும் போடக் கூடாது. புகை கிளம்பினால் அதைச் சுவாசிக்காமல் அனைவரையும் அப்புறப்படுத்தி, 101-க்குத் தகவல் தரவும். பயன் முடிந்த பேட்டரியைக் குப்பையிலோ கிணற்றிலோ போடாமல் விற்றவரிடம் ஒப்படைக்கவும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது சுமத்துகின்றன.

லித்தியம் பேட்டரியில் ஓடும் முதுகுத் தெளிப்பான் வைத்திருப்போரும் இவற்றை மனத்தில் கொள்ளலாம். தெளிப்பு வேகம் தளர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசிச் சாலை அடுத்த பேட்டரியில் முடித்தால் சில நிமிடங்களே தாமதமாகும். அவசரப்பட்டால் பேட்டரியின் முழு விலையும் நட்டமாகும். எனவே டிரோன் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களும் மகளிர் குழுவினரும் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே இறக்க ஆயத்தமாகி, பேட்டரியின் முழு ஆயுளையும் பெற்றுப் பயனடைய வேண்டுகிறோம்.